மெத்தைக்கு முன் ஆர்.சி. புத்தகம்

மைசூருவில் இருக்கும் குடும்பத்துக்கு ஊட்டி, வயநாடு, குடகு எல்லாமே சில மணி நேரப் பயணம்தான். சனி, ஞாயிறுகளில் கிளம்ப, படுக்கையும் அடுப்பும் வைத்து மாற்றியமைத்த வேன் ஒன்றை வாங்கலாம் என்ற ஆசை வருவது இயல்பே. விற்பவர் முதலில் காட்டுவது மெத்தையையும் விளக்கையும். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியதோ ஆர்.சி. புத்தகம். அதில் பதிவாகாத மாற்றம் எத்தனை அழகாக இருந்தாலும் அது ஆபத்தே.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. ஆனால் சட்டம் இந்த ஆசைக்கு எதிரி அல்ல. கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று பதிவுசெய்யவும் வழியுண்டு. பழைய டெம்போ டிராவலரைப் பிரித்து இருக்கைகளை எடுத்துவிட்டு, ஆர்.சி.யில் இன்னும் பயணிகள் வண்டியாகவே வைத்திருப்பதுதான் சிக்கல். மஞ்சள் போர்டு என்றால் பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆகியவற்றின் தேதிகளையும் பார்க்க வேண்டும்.

“எத்தனையோ வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன, யாரும் பிடிப்பதில்லை” என்பார்கள். போலீஸ் கேட்காமல் விடலாம். விபத்துக்குப் பின் வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஆர்.சி.யையும் வண்டியையும் ஒப்பிடாமல் விடமாட்டார். அன்று இழப்பீடு மறுக்கப்பட்டால், பதிவை மாற்றாமல் மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பல மடங்கு போகும்.

அடுத்தது எடை. 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ. மரப்பலகை, பேட்டரி, சிலிண்டர் எல்லாம் அதற்கு மேல். நிறுவனம் குறித்த மொத்த எடையைத் தாண்டினால் மலை இறக்கத்தில் பிரேக்தான் பாரத்தைச் சுமக்கும். மசினகுடி வழியாக ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். எனவே பணம் கொடுக்கும் முன், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். மின்சாரத்துக்கும் இதே கணக்குதான்: 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது சுமார் 1.3 யூனிட். ஃபேனும் விளக்கும் இரவெல்லாம் ஓடும், ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினாலே பெரிது.

வண்டியை எடுக்கப் பகலில் போய், சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்குங்கள். வேறு மாநில வண்டியானால் தடையின்மைச் சான்றுக்கான படிவம் 28-உம் தேவை; கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவும் வேண்டும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுவதால், வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும் நேரத்தையும் முன்பே கணக்கிடுங்கள்.

ஆண்டுக்கு நான்கைந்து வார இறுதிக்கு இவ்வளவு சிரமம் எதற்கு, வாடகைக்கு எடுக்கலாமே என்றால், அது நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்களுக்கு வாடகையே நல்லது. ஆனால் அடிக்கடி போகிறவர்களுக்குச் சொந்த வண்டி சுதந்திரம் தரும். அந்தச் சுதந்திரம் நிலைக்க, ஆவணமும் எடையும் சரியாக உள்ள எளிய வேனையே தேர்ந்தெடுக்க வேண்டும். மெத்தையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.