மயிரிழை கூறும் சாட்சியம்

ஒருவன் போதைப்பொருளை உட்கொண்டானா என்பதை அறியச் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தலே பெருவழக்கு. இவை பெரும்பாலும் சில நாட்களின் செய்தியையே உரைக்கும். தலைமயிரோ பல மாதங்களின் வரலாற்றைத் தன்னகத்தே தாங்கி நிற்பது.

அஃது எவ்வாறெனின், மயிரின் வேர் இரத்தத்தால் ஊட்டம் பெறுகின்றது. இரத்தத்திற் கலந்த பொருள் நுண்ணளவில் வளரும் இழையுட் புகுந்து அங்கேயே தங்கிவிடுகின்றது. தலைமயிர் மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்றிமீற்றர் வளர்வதால், தோலை ஒட்டி வெட்டிய 3 சென்றிமீற்றர் இழை ஏறத்தாழ 3 மாதங்களைக் காட்டும். 1979இல் அமெரிக்காவிற் பௌம்கார்ட்னர் என்பாரும் உடனாய்வாளரும் அபின் வகைப் பொருளை இம்முறையாற் கண்டறிந்தனர். இன்று முதற்சோதனையின் முடிவு திணிவு நிறமாலைமானியால் உறுதிசெய்யப்படுகின்றது.

ஆயினும், பொருள் இருப்பதை மயிர் கூறுமேயன்றி, அது வந்த வழியை எப்போதும் கூறாது. நெப்போலியனின் மயிரில் ஆசனிக்கு மிகுந்திருந்ததென 1961இல் ஓர் ஆய்வு வெளியானது. அவன் நஞ்சூட்டப்பட்டான் எனப் பலர் துணிந்தனர். 2008இல் இத்தாலிய ஆய்வாளரோ அவனது இளமைக்கால மயிரிலும் அந்நஞ்சு ஒத்த அளவில் இருந்ததைக் காட்டினர்.

இப்பாடம் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் நமக்கும் உரியது. நெருக்கமான லயன் அறைகளில் ஒருவன் புகைக்கும் கஞ்சாவின் புகை மற்றவன் தலையிலும் படியும். இதனாலேயே ஆய்வுகூடங்கள் மயிரைக் கழுவிய பின்னர் சோதிப்பதோடு, உடலினுள்ளே மட்டும் உண்டாகும் மாற்றுப்பொருளையும் தேடுகின்றன. மேலும், மயிருக்குக் கருமை தரும் மெலனின் கொக்கெயின் முதலிய சில பொருள்களை மிகுதியாகப் பற்றிக்கொள்ளும். ஆதலின், ஒரே அளவு உட்கொண்ட இருவருள் கருமயிருடையவனிடம் கூடிய அளவு காணப்படலாம். நேர்த்திக்கடனுக்கு மொட்டையடித்தவனிடமோ சோதிக்க மயிரே இராது. அதனை மறைப்பெனக் கொள்ளுதல் அநீதியாம்.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரைக் கட்டாயச் சிகிச்சைக்கு உட்படுத்தவும் இடமளிக்கின்றது. ஓர் இளைஞனின் சுதந்திரமும் தொழிலும் நற்பெயரும் சோதனை முடிவொன்றில் தங்கியிருத்தல் கூடும். ஆதலின், மறுசோதனையும் அவன் கூற்றைக் கேட்டலும் சலுகையல்ல, முறையின் பகுதிகளே. மயிரிழையின் சாட்சியம் வலியது. எனினும், ஏனைய சாட்சிகளைப் போல அதுவும் விசாரிக்கப்பட வேண்டியதே.