குழாய் அறிந்து உருப்படி எடு

ஆடித் தபசு நாளில் சங்கரன்கோவில் ரத வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. அரியும் அரனும் ஒன்றாகக் காட்சி தர வேண்டும் என்று தவமிருந்த கோமதி அம்மனுக்கு, சுவாமி முதலில் சங்கரநாராயணராகவும் பிறகு சங்கரலிங்கராகவும் காட்சி கொடுக்கும் நாள் அது. ஒலிபெருக்கி அறிவிப்பு, ஊதல் சத்தம், ராட்டினத்தின் இரைச்சல், கூட்டத்தின் ஆரவாரம், இத்தனையையும் தாண்டி நாதஸ்வரம் கேட்கும். வாசிப்பவர் எதிரே தாள் கிடையாது. என்ன வாசிப்பது, எங்கே நிறுத்துவது, எப்போது அடுத்த உருப்படிக்குப் போவது எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இதே தென்மாவட்டங்களில் சர்ச் பவனியிலும் பள்ளி விளையாட்டு விழாவிலும் பேண்டு வாசிக்கிறார்கள். அங்கே கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸபோன். நோட்ஸ் பார்த்து வாசிக்கும் குழுவில் ஒவ்வொருவர் முன்னும் ஒரு தாள் இருக்கும். பேண்டு மாஸ்டரின் பெரிய கவலை, எந்தத் தாளை வாங்குவது என்பதுதான். பிள்ளைகளுக்குப் பிடித்த பாட்டாக இருந்தால் போதுமா? போதாது. தாளில் அழகாக இருக்கும் உருப்படி தெருவில் காணாமல் போகலாம். எட்டாத சுரம் கேட்கும் உருப்படி, வாசிப்பவரின் உதட்டைக் களைப்படையச் செய்யலாம்.

தாளோடு வாசிக்கும் பேண்டும், தாளில்லாமல் வாசிக்கும் மேளமும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன. இந்த இடத்தில், இந்தக் கருவியில், இந்த மூச்சில் எது எடுபடும்? விடையின் பெரும்பகுதியை ருசியை விடக் காற்றும் குழாயுமே தீர்மானிக்கின்றன.

தெருவின் கணக்கு

திறந்த வெளியில், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. 10 மீட்டரில் கேட்டதைவிட 160 மீட்டரில் 24 டெசிபல் குறைவு. ஒலியின் செறிவில் சொன்னால், 256இல் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அரங்கத்துக்குள் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பிக் கைகொடுக்கும். தெருவில் அந்த உதவி இல்லை. ஆகவே அரங்கத்துக்கு எழுதிய உருப்படியில் வரும் மெல்லிய இடைக்குரல்கள் தெருவில் யாருக்கும் எட்டாது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பிடிக்கும் உருப்படிதான் தெருவுக்கு.

நம் காதுக்கும் இதில் பங்கு உண்டு. காதுத் துளையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். அதுவும் ஒரு சிறு குழாய்தான். அதனால் 3000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஒலியை அது பெருக்கிக் கொடுக்கிறது. நாதஸ்வரத்தின் அடிப்படைச் சுரம் அதைவிடக் கீழே இருந்தாலும், அந்தச் சுரத்தோடு கூடவே பிறக்கும் மேற்சுரங்கள் காது கூர்மையாக இருக்கும் இந்தப் பகுதியில் வலுவாக விழுகின்றன. கூட்டத்தின் இரைச்சல் பெரும்பாலும் இதற்குக் கீழே தங்கிவிடுவதால், இரைச்சலுக்கு மேலே நாதஸ்வரம் தனித்துத் தெரிகிறது.

ஆடிக் காற்று இன்னொரு வேலை செய்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்றை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. தரையோரம் மெதுவாகவும் உயரே வேகமாகவும் வீசுவது காற்றின் இயல்பு. காற்றோடு சேர்ந்து கிழக்கே போகும் ஒலியின் மேற்பகுதி முந்திக்கொள்வதால், ஒலி தரையை நோக்கி வளைகிறது. எதிர்த்து மேற்கே போகும் ஒலி வானத்தை நோக்கி வளைந்துவிடுகிறது. ஒரே மேளம் கிழக்கேயுள்ள ஊருக்குக் கேட்டு, அதே தூரத்தில் மேற்கேயுள்ள ஊருக்குக் கேட்காமல் போவதன் காரணம் இதுதான்.

ஒலியின் வேகத்தையும் மறக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் அது வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். 35 மீட்டர் நீளத்துக்கு அணிவகுத்து நடக்கும் பேண்டில், முதல் வரிசையின் தாளம் கடைசி வரிசையை வந்தடைய 0.1 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில் ஓர் அடிக்கு அரை வினாடிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கு பிசகினால் மெட்டு குழம்பிவிடும். நாதஸ்வரமும் தவிலும் ஊர்வலத்திலும் நெருக்கமாக நின்றே வாசிப்பதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

இரண்டு குழாய்கள்

நாதஸ்வரம் மேலே குறுகி, கீழே போகப் போக விரியும் கூம்புக் குழாய். கிளாரினெட் பெரும்பகுதி ஒரே அகலமுள்ள குழாய். பார்வைக்குச் சிறிய வித்தியாசம், வாசிப்பில் பெரிய வித்தியாசம்.

நாதஸ்வரத்தில் ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால், அதே விரல் வைப்பில் மேல் ஸ்தாயியின் அதே சுரம் பிறக்கும். கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகும். அதனால் விரலுக்கு 7 துளைகளே போதும். கிளாரினெட்டோ, ஒரு பக்கம் மூடிய ஒரே அகலக் குழாயின் இயல்புப்படி, மூன்று மடங்கு அதிர்வெண்ணுக்குத் தாவுகிறது. கீழே ஸட்ஜம் வாசித்த விரல், மேலே பஞ்சமத்தைக் கொடுக்கும். இடையில் விட்டுப்போன சுரங்களை நிரப்பவே அந்தக் கருவியின் மேல் இத்தனை வெள்ளிச் சாவிகள். கீழ்ச் சுரங்களிலிருந்து மேல் சுரங்களுக்குத் தாவும் இந்த எல்லையைக் கடக்கும் இடம்தான் புதிதாகக் கற்கும் பிள்ளைக்குக் கடினம். முதல் ஆண்டுப் பிள்ளைக்கு எடுக்கும் தாளில், மெட்டு இந்த எல்லைக்கு முன்னும் பின்னும் ஓயாமல் தாவினால், அந்தத் தாளை மூடி வைப்பதே நல்லது.

நாதஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இன்னொன்று புரியும். நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்தி, இரண்டு இதழ்களாக நூலால் கட்டியது அது. வாசிப்பதற்கு முன் வித்வான் அதை உமிழ்நீரில் நனைத்து, உதட்டில் வைத்துப் பதம் பார்ப்பார். சரியில்லை என்றால் நாதஸ்வரத்தில் தொங்கும் கொத்திலிருந்து வேறொன்றை எடுப்பார். உதட்டை ஒரு மயிரிழை இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். துளையைப் பாதி மூடினால் இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள இடமெல்லாம் அவருக்குச் சொந்தம். கமகம் பிறக்கும் இடம் அது. டிரம்பெட்டின் மூன்று வால்வுகளோ படிக்கட்டு மாதிரி, சுரத்திலிருந்து சுரத்துக்குத்தான் போக முடியும்.

பேண்டின் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாள் வருவதற்கும் குழாயின் நீளமே காரணம். சுருதியைச் சொல்லும் நம் கட்டைக் கணக்கில் இது எளிதாக விளங்கும். பேண்டுகளில் வழக்கமாக இருக்கும் கிளாரினெட்டுக்கு ஆறரைக் கட்டைதான் ‘ஸ’. அல்டோ சாக்ஸபோனுக்கு இரண்டரைக் கட்டை. புல்லாங்குழலுக்கு ஒரு கட்டை. மூவரும் தாளில் ஒரே சுரத்தைப் பார்த்து ஊதினால் மூன்று வெவ்வேறு சுரங்கள் கேட்கும். ஆகவே பதிப்பாளர் ஒவ்வொருவருக்கும் மாற்றி எழுதித் தருகிறார்.

இங்கே ஓர் அற்புதமான பொருத்தம் இருக்கிறது. பேண்டு உருப்படிகளில் அடிக்கடி வரும் சுருதிகளில் ஒன்று ஈ-ஃபிளாட், அதாவது இரண்டரைக் கட்டை. ஆங்கிலேய இசையமைப்பாளர் கஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1909இல் ராணுவ பேண்டுக்காக எழுதிய ‘முதல் சூட்’ என்ற புகழ்பெற்ற உருப்படி இந்தச் சுருதியில்தான் அமைந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை பிரபலப்படுத்தி, கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் போன்றவர்கள் வாசித்த நீண்ட ‘பாரி’ நாதஸ்வரத்தின் சுருதியும் இரண்டு, இரண்டரைக் கட்டைதான். உலகின் இரண்டு கோடிகளில் வளர்ந்த இரண்டு ஊது மரபுகளால் ஒரே ஸட்ஜத்தில் சந்திக்க முடிகிறது.

எட்டயபுரத்துத் தாள்

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி வழியாகக் கிழக்கே போனால் எட்டயபுரம். இந்திய இசையைத் தாளில் எழுதிய வரலாற்றில் அந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. 1904இல் சுப்பராம தீட்சிதர் அங்கேதான் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யை அச்சிட்டு வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்திக் கொடுத்த பெருநூல் அது. சுரத்தை மட்டும் எழுதினால் ராகம் உயிர் பெறாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே சுர எழுத்துகளின் தலைமேல் குறிகள் போட்டார். அசைய வேண்டிய சுரத்துக்கு நெளிகோடு, வழுக்கிப் போக வேண்டிய இடத்துக்கு ஒரு கோடு என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளம். ஒரே ‘க’ இரண்டு இடங்களில் இரண்டு குறிகளோடு நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போது, ஒரு சுரம் என்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு பயணம் என்பது விளங்குகிறது.

அதே முத்துசுவாமி தீட்சிதர், இதற்கு நேர்மாறான ஒன்றையும் செய்திருக்கிறார். சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் ஆங்கிலேய பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வரங்கள் என்று நாம் பாடுவது அவற்றைத்தான். பெரும்பாலும் சங்கராபரணத்தின் சுரங்கள், கமகம் இல்லாத நேர்ச்சுரங்கள். பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுகூட அவற்றில் ஒன்றாக இருக்கிறது. 1835இல் அவர் காலமானதும் எட்டயபுரத்தில்தான்.

பேண்டுக்குத் தாள் எடுப்பவர் கற்க வேண்டிய பாடம் இந்த இரண்டிலும் இருக்கிறது. நெளிகோடு நிறைந்த தோடி ராகத்தை டிரம்பெட்டுக்கு எழுதினால் படிக்கட்டில் நின்றுவிடும். நொட்டுஸ்வரம் முதல் நாளே ஒலிக்கும்.

மூன்று முறை சொல்லும் சேதி

தாளில்லாத மேளத்தில் அத்தனை பேரும் ஒரே இடத்தில் எப்படி நிறுத்துகிறார்கள்? தவில்காரர் ஒரு தீர்மானத்தை வைக்கும்போது, ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசிக்கிறார். முதல் முறை, முடிவு வருகிறது என்ற அறிவிப்பு. இரண்டாவது, அதன் அளவை உறுதிசெய்கிறது. மூன்றாவது முடியும் இடத்தில் நாதஸ்வரமும் தாளமும் வந்து சேர்கின்றன. இரைச்சலில் சேதி தவறக் கூடாது என்றால் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது தகவல் தொடர்புத் துறையின் அடிப்படை விதி. நம் லயக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தெருவில் நடத்திக் காட்டுகிறார்கள்.

சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியின் அமைப்பிலும் இதே அறிவு தெரிகிறது. சாகித்தியம் இல்லாத உருப்படி அது. ஒரே மெட்டை மூன்று காலங்களில் வாசிப்பார்கள். சப்பரம் நகர்ந்தால் நீட்டலாம், நின்றால் முடிக்கலாம். இரண்டு நாதஸ்வரங்கள் மாறி மாறி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பேண்டுத் தாளில் திரும்ப வாசிக்கும் குறியும், இல்லாத வாத்தியத்தின் பகுதியை இன்னொருவர் தாளில் சிறிய எழுத்தில் அச்சிடுவதும் இதே வேலைக்காகத்தான். ஹோல்ஸ்டும் தன் ‘முதல் சூட்’ உருப்படியில் பல வாத்தியங்களை, இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றே குறித்தார். ஆள் குறைந்தாலும் உருப்படி விழாமல் நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எதை எடுப்பது?

பேண்டுப் பதிப்பகங்கள் பல, தங்கள் உருப்படிகளை 1 முதல் 6 வரை தரம் பிரித்து விற்கின்றன. அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. டிரம்பெட்டின் உச்சச் சுரம் எத்தனை முறை வருகிறது, இடையில் உதட்டுக்கு ஓய்வு இருக்கிறதா, நம்மிடம் இல்லாத வாத்தியத்துக்கு மட்டும் மெட்டு போய்விடுகிறதா, வாசிக்கப்போவது அரங்கிலா தெருவிலா என்று பார்க்க வேண்டும். வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால், சுருதி ஏறத்தாழ அரைச் சுரத்தின் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். நிழலில் சுருதி சேர்த்த பேண்டு மைதானத்துக்குப் போனதும் மறுபடியும் சேர்க்க வேண்டியிருக்கும்.

இந்த வட்டாரப் பள்ளிகளின் பேண்டுகள் தொடங்க வேண்டிய உருப்படி நொட்டுஸ்வரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்தது மல்லாரி. மல்லாரிக்கு உரிய கம்பீர நாட்டை ராகத்தில் ஸ, க, ம, ப, நி என்று ஐந்தே சுரங்கள். ஐந்தும் சங்கராபரணத்திலேயே இருப்பவை. இரண்டரைக் கட்டையில் எழுதினால் அல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் பிள்ளையின் தாளில் ஷார்ப், ஃபிளாட் குறி ஒன்றுகூட வராது. கிளாரினெட்டின் தாளிலும் கடினம் ஏதுமில்லை. மேற்கத்திய பேண்டு ஒன்று எளிதாக ஏறக்கூடிய நம் படி இதுதான். நாதஸ்வரத்தின் கமகம் அதில் வராது. மெட்டும், மூன்று காலமும், தீர்மானத்தின் கட்டுக்கோப்பும் வரும்.

அதற்கு ஒரு பேண்டு மாஸ்டரும் ஒரு மேளக்காரரும் ஒரு திண்ணையில் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் ஐந்து கோட்டில் எழுத வேண்டும். கர்நாடக இசையைத் தாளில் ஏற்றும் அருஞ்செயலை எட்டயபுரம் 1904லேயே செய்து காட்டிவிட்டது. சங்கரன்கோவில் வீதியின் மல்லாரியைப் பள்ளிப் பிள்ளைகளின் தாளில் ஏற்றுவது அதைவிடச் சிறிய வேலை. அதை இந்தத் தலைமுறை செய்து முடிக்க வேண்டும்.