உங்களுக்குத் தெரியுமா? தவிடு நீங்கினும் நார் நீங்காத தானியம்

உமியும் தவிடும் நீங்கி முத்துப்போல் வெளுக்கும்படி தீட்டப்பெற்ற பார்லியிலும், பீட்டா குளூக்கன் எனும் கரையும் நார்ப்பொருள் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. கோதுமையின் நாரைப்போல் மேற்றோலில் ஒதுங்காமல், அது மணியின் மையம்வரை வியாபித்திருப்பதே அதற்குக் காரணம்.

• மணியின் உள்மாவிலுள்ள செல்சுவர்களில் ஏறத்தாழ 70 சதவிகிதம் பீட்டா குளூக்கனே.

• மாறாக, உமியிலுள்ள செல்லுலோஸும் லிக்னினும் நீரில் கரையாதவை. மலச்சிக்கலை நிவர்த்திக்கத் துணைபுரிபவை.

• நோயாளியின் படுக்கையருகே நம்மில் பலர் கண்டு பழகிய பார்லிக் கஞ்சியின் அந்த வழவழப்பில் பீட்டா குளூக்கனுக்குப் பெரும்பங்குண்டு. குடலில் பித்த அமிலங்களைச் சிறைப்படுத்தி அது வெளியேற்றிவிடுவதால், புதிய பித்தம் சுரப்பதற்காகக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலையே எடுத்துக்கொள்ள நேர்கிறது. இப்பயனுக்கு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் வேண்டும்.