ராடார் காட்டும் மழை

ஆனி பிறந்துவிட்டால் நம் விடுதியில் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் மும்பை ராடார் படம் விரிந்துவிடும். பச்சை கண்டால் தேநீர்க்கடை, சிவப்பு கண்டால் போர்வை என்பது நம்மவர் வகுத்த சாத்திரம். பௌதிகம் பயில்பவன் என்பதால் என்னிடம் பலன் கேட்கவும் வருவார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு தம்பிக்கு நான் சொன்ன பலன் பொய்த்தது. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

ராடார் மழையைப் பார்ப்பதில்லை. குன்றின் எதிரே நின்று கூவி எதிரொலிக்குக் காத்திருப்பவனைப் போன்றது அது. அது விடுக்கும் நுண்ணலை 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள துளிகளில் பட்டுத் திரும்ப, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. திரும்பும் நேரம் தொலைவைச் சொல்லும். அலையின் வலிமை துளியின் பருமனைச் சொல்லும். துளியின் விட்டம் இருமடங்கானால் எதிரொலி 64 மடங்காகும்! ஆகவே சில பெருந்துளிகளே படத்தைச் சிவக்கச் செய்துவிடும். துளிகள் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்பதையும் டாப்ளர் ராடார் அறியும். நம் வானிலைத் துறை அவ்வகை ராடாரை முதலில் நிறுவியது சென்னைத் துறைமுகத்தில், 2002இல்.

மும்பையில் அது இல்லாத காலத்தில்தான் 2005 ஜூலை 26 வந்தது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தெற்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருக்கும் கொலாபாவில் 73தான். கொலாபாவில் நின்று வானத்தைப் பார்த்தவருக்கு வடக்கே நகரம் மூழ்குவது எப்படித் தெரியும்? இன்று கொலாபாவிலும் வெராவலியிலும் ராடார்கள் உண்டு.

இனி என் கதை. தம்பி திருநெல்வேலிக்காரன், அக்காளின் நிச்சயதார்த்தத்திற்குப் போக, குர்லாவில் ரயில் ஏற வேண்டும். "அண்ணா, இப்பவே கிளம்பட்டுமா? மழை விட்டதும் போகட்டுமா?" என்றான். படத்தைப் பார்த்தேன். நகரின்மேல் சிவப்பு, பின்னால் கடல் வெறுமை. மேல்காற்று அதைத் தாணேப் பக்கம் தள்ளிவிடும் என்று எண்ணி, "அரை மணி பொறு" என்றேன். பழைய மேகங்கள் கிழக்கே நகர்ந்தது உண்மைதான். ஆனால் கரையோரத்தில் அதே இடத்தில் புதிய மேகங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. லோக்கல் வண்டிகள் எல்லாம் நின்றன. அவன் வண்டி மட்டும் நேரம் தவறாமல் போய்விட்டது.

என் பிழை, ஒரே படத்தை நம்பியது. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வரும் படங்களில் ஆறையாவது வரிசையாகப் பார்க்க வேண்டும். 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திட்டு, படத்துக்குப் படம் 5 கிலோமீட்டர் நெருங்கினால் ஒரு மணியில் நம் தலைமேல் இருக்கும். அதற்குள் பின்னால் புதுத் திட்டு முளைத்தால் கணக்கு மாறிவிடும். ஒரு மணிக்கு மேற்பட்ட கணக்கை நான் நம்புவதேயில்லை. கடல் வெறுமையையும் முழுக்க நம்பாதீர்கள். பூமி வளைந்திருப்பதால், 100 கிலோமீட்டர் தொலைவில் ராடாரின் கதிர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்லும். அதற்குக் கீழே பெய்வது அதன் கண்ணில் படாது. படத்தின் மூலையிலுள்ள நேரத்தையும் பாருங்கள். கிரீன்விச் நேரமாயின் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவ்வாண்டு ஊருக்குப் புறப்பட்டபோது தம்பி என்னைக் கேட்கவில்லை. முந்தின நாள் மாலையே குர்லாவுக்குப் போய்விட்டான்.