ஊசி ஏந்தும் கை தயங்குவதேன்?

ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற கை, தன் தோளுக்கு ஊசி என்றதும் பின்வாங்கிற்று! கண்டவர் வியந்தனர், சிலர் நகைத்தனர், பலர் அஞ்சினர். "டாக்டரே யோசிக்கிறாராம், நாம் எம்மாத்திரம்?" என்று திண்ணையிலே பேசினர், தேநீர்க் கடையிலே பேசினர், பேருந்திலே பேசினர்.

2021ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள். கொரோனாத் தடுப்பூசித் திட்டம் இந்தியா முழுவதும் தொடங்கிய நாள். தமிழகத்திலே, மதுரை இராசாசி மருத்துவமனையில் தொடக்க விழா. முதல் வரிசை யாருக்கு? சீமான்களுக்கு அல்ல, சிம்மாசனத்தில் இருப்போருக்கும் அல்ல. மருத்துவமனையிலே உழைப்போருக்கு! டாக்டருக்கு, நர்சுக்கு, ஆயாவுக்கு, துப்புரவுத் தொழிலாளிக்கு! தமிழகத்தில் 166 மையங்கள். மையம் ஒன்றுக்கு 100 பேர். ஆக 16,600 பேர் வரவேண்டும். வந்தவர்களோ ஏறத்தாழ 3,000 பேர்!

கணினிப் பட்டியலிலே கோளாறு என்றனர். கோளாறு இருந்தது உண்மை. ஆனால் கோளாறு கணினியிலே மட்டுந்தானா? கருத்திலே இல்லையா? நஞ்சுக் கிருமியோடு பத்து மாதம் போராடியவர்கள், கவச உடைக்குள்ளே வெந்து வியர்த்தவர்கள், உடன் பணியாற்றிய தோழர்களைப் பறிகொடுத்தவர்கள்! முதல் அலையிலே மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் மாண்டனர் என்று இந்திய மருத்துவச் சங்கம் கணக்குக் கூறிற்று. சாவை அவ்வளவு அருகில் கண்டவர்கள், காக்க வந்த ஊசியைக் கண்டு ஏன் தயங்கினர்? இதுதான் நாம் ஆராய வேண்டிய கேள்வி.

"அறியாமை!" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டுப் போகலாம். எளிது! ஆனால் சரியாகாது. அம்மை வார்த்தால் 'ஆத்தாள் இறங்கியிருக்கிறாள்' என்று வேப்பிலை செருகிய காலத்திலே, அம்மை குத்த வருபவரைக் கண்டு பிள்ளையைப் பரணிலே ஒளித்துவைத்த தாய்க்கு, படிப்பில்லை என்று காரணம் சொன்னோம். அந்தப் பெரியம்மையை ஆத்தாளும் அகற்றவில்லை, ஆடு வெட்டியும் அகலவில்லை; அம்மைப்பாலே அகற்றிற்று. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், உலகிலேயே பெரியம்மை இல்லை என்று உலக நலவாழ்வு மன்றம் முழங்கிற்று. அது பழைய கதை. இங்கே தயங்கியவர் படித்தவராயிற்றே! மருத்துவமே படித்தவராயிற்றே!

படித்தவர் தயங்குவது புதிதும் அல்ல. வியன்னா நகரத்து மருத்துவமனை. 1847ஆம் ஆண்டு. பிரசவத்துக்கு வந்த தாய்மார் காய்ச்சல் கண்டு கொத்துக் கொத்தாக மடிந்தனர். டாக்டர்கள் பார்த்த பகுதியிலேதான் சாவு மிகுதி. மருத்துவச்சிகள் பார்த்த பகுதியிலே குறைவு! பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று கண்டார் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர். குளோரின் கலந்த நீரிலே கையைக் கழுவுங்கள் என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு என்றிருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு இரண்டாகச் சரிந்தது. ஏற்றனரா மேதாவிகள்? "எங்கள் கையா தூய்மையற்ற கை?" என்று சீறினர். பட்டம் பெற்றவரிடமும் பிடிவாதம் இருக்கும். படிப்பு அதற்கு மருந்தல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால், தோழர்களே, ஒன்றை மறந்துவிடக் கூடாது. தயங்குகிறவன் எல்லோரும் பிடிவாதக்காரன் அல்லன். தயக்கத்திலே இருவகை உண்டு. ஒன்று, விடை தேடுகிற தயக்கம். மற்றொன்று, விடை வந்த பிறகும் விலகி ஓடுகிற தயக்கம். முன்னது பகுத்தறிவு, பின்னது பயம்.

அதே ஜனவரி 16ஆம் நாள், தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் மேலதிகாரிக்குக் கடிதம் தீட்டினர். "கோவாக்சின் வேண்டாம், கோவிஷீல்டு கொடுங்கள்" என்பது கோரிக்கை. குற்றமா இது? கோவாக்சினுக்கு அனுமதி தந்தது ஜனவரி 3ஆம் நாள். மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு அன்று வெளிவரவில்லை. போட்டுக்கொள்பவரிடம் ஒப்புதல் தாளிலே கையொப்பம் வேறு வாங்கினர். அந்தத் தாளிலேயே, மருந்தின் பயன் இன்னும் நிறுவப்படவில்லை என்று எழுதியிருந்தது! ஆதாரம் எங்கே என்று கேட்பவனைப் பார்த்து, "நாட்டுப்பற்று இல்லையா?" என்று கேட்டவர்களும் உண்டு. நாட்டுப்பற்றை நாடி பிடித்துப் பார்க்கலாம். மருந்தின் பயனை அப்படிப் பார்க்க முடியுமா? அதற்குப் புள்ளிவிவரம் வேண்டும்!

அந்த விவரமும் பின்னர் வந்தது. 25,800 பேரிடம் நடத்திய சோதனையின் இடைக்கால முடிவு 2021 மார்ச்சில் வெளியாயிற்று. நூற்றுக்கு 81 பங்கு பயன் என்றது. இறுதிக் கணக்கு 77.8 என்று நின்றது. கேள்வி நேர்மையானது; விடையும் கிடைத்தது. மார்ச்சில் தந்த விடையை ஜனவரியிலேயே தந்திருந்தால், அல்லது விடை வரும்வரை அனுமதி காத்திருந்தால், வெறிச்சோடிய மையங்களைக் கண்டிருப்போமா?

ஊசிக்கு எதிர்ப்பு நம் நாட்டுக்குப் பழக்கமானதுதான். 1955ஆம் ஆண்டிலே, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி இயக்கத்தை ஆச்சாரியார் கடுமையாக எதிர்த்தார். அவர் கூறிய காரணமெல்லாம் சரி என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஐயத்தை அறிவியல் என்ன செய்தது பாருங்கள். 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே மாபெரும் சோதனை தொடங்கிற்று. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. மறைத்தார்களா? இல்லை, உலகறிய வெளியிட்டனர். பச்சிளங் குழந்தையை மூளைக் காய்ச்சல் காசத்திலிருந்து காக்கிறது என்பதால், பிறந்தவுடன் அதே ஊசியை இன்றும் போடுகின்றனர். மேடையிலே மோதிய வாதம் களத்திலே சோதிக்கப்பட்டது. முடிவு எப்படி வந்ததோ அப்படியே ஏற்கப்பட்டது. அறிவு நடக்கும் வழி அதுதான்!

இனி, டாக்டரை விட்டு வார்டுக்குள்ளே வருவோம். பெருக்குகிறவர், கழுவுகிறவர், பிணம் சுமக்கிறவர். இவர்களின் தயக்கம் ஏட்டிலே ஏறுவதில்லை. நாட்டின் முதல் ஊசி, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் துப்புரவுத் தொழிலாளி ஒருவருக்குப் போடப்பட்டது. பெருமை! ஆனால் காலமெல்லாம் சாக்கடைக்குள் இறங்க மட்டும் 'நீ முதலில் போ' என்று ஏவப்பட்டவன், ஊசிக்கும் 'நீ முதலில் வா' என்றால், "மரியாதையா, சோதனையா?" என்று ஐயுறமாட்டானா? அந்த ஐயத்தை விதைத்தது அவனா, நாமா?

கூலியும் இருக்கிறது. ஊசி போட்டால் ஒருநாள், இரண்டு நாள் காய்ச்சல் வரக்கூடும். மாதச் சம்பளக்காரருக்கு அது ஓய்வு. ஒப்பந்தத் தொழிலாளிக்கோ அது உலையிலே அரிசி இல்லாத நாள். அவளை அழைத்து, "ஏனம்மா பயப்படுகிறாய்?" என்று கேட்கிறோம். அவள் அஞ்சுவது ஊசிக்கு அல்ல, அறுந்துபோகும் கூலிக்கு!

சரி, போட்டுக்கொண்டவர்களுக்குப் பலன் கிடைத்ததா? வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி விடை கூறிற்று. அங்கே ஊழியர் 10,600 பேர். 2021 ஜனவரி இறுதி வாரங்களிலிருந்து ஏப்ரல் முடிய 8,991 பேர் ஊசி போட்டனர், பெரும்பாலோர் கோவிஷீல்டு. அதற்கிடையே வந்தது இரண்டாம் அலை. மூச்சுக்காற்றுக்கு மக்கள் தெருவிலே தவித்த அந்த நாள்களிலே, இரு ஊசியும் போட்டவர்களுக்கு நோய்த்தொற்றிலிருந்து நூற்றுக்கு 65 பங்கு காப்பு. மருத்துவமனையில் படுப்பதிலிருந்து 77. ஆக்சிஜன் தேவையிலிருந்து 92. தீவிர சிகிச்சையிலிருந்து 94 பங்கு காப்பு! கொரோனா தொடங்கியதிலிருந்து அங்கே இறந்த ஊழியர் ஒருவரே. அவர் ஊசி போடாதவர். வேறு நோய்களும் உள்ளவர். நம் மண்ணிலே, நம் ஊழியரிடமே எடுத்த கணக்கு இது.

குறையே இல்லை என்போமா? மாட்டோம். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக மிக அரிதாக இரத்தம் உறையும் கேடு நேரக்கூடும் என்று 2021 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டார் அறிவித்தனர். சிறிய கேட்டைச் சொல்லிப் பெரிய நன்மையை விளக்கினால் மக்கள் எடைபோட்டுக் கொள்வர். மறைத்தால், மறைத்த இடத்திலே வதந்தி குடியேறும்.

"கட்டாயப்படுத்தினால் போயிற்று!" என்கின்றனர் சிலர். நியூயார்க் மாநிலம் அதைச் செய்து பார்த்தது. 2009இல், பன்றிக் காய்ச்சல் பரவியபோது, மருத்துவமனை ஊழியர் ஊசி போட்டே தீரவேண்டும் என்று ஆணையிட்டது. நர்சுகள் வழக்கு மன்றம் ஏறினர். அக்டோபரில் தடை கிடைத்தது. ஊசிக்கே தட்டுப்பாடு வர, அரசே அந்த ஆணையை அதே திங்களில் நிறுத்திவைத்தது. இங்கும் 2022 மே 2ஆம் நாள், எவருக்கும் வலுக்கட்டாயமாக ஊசி போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. சோதனை விவரங்களை மக்கள் முன் வையுங்கள் என்றும் கூறிற்று. கையைப் பிடித்து இழுக்கலாம். கருத்தைப் பிடித்து இழுக்க முடியாது.

ஆனாலும் வெள்ளுடை அணிந்தோரிடம் ஒன்று கூறுவோம். கிராமத்துத் தாய், அமைச்சர் அறிக்கையைப் படித்துவிட்டு ஊசிக்கு வருவதில்லை. "நர்சம்மா, நீங்க போட்டுக்கிட்டீங்களா?" என்ற ஒரே கேள்வியோடு வருகிறாள். நீங்கள் தலை கவிழ்ந்தால், அந்தத் தெருவே திரும்பிப் போகும். உங்கள் தயக்கம் உங்களோடு நிற்பதில்லை. உங்களிடம் படுத்திருக்கும் நோயாளியின் மூச்சிலும் அது கலக்கும். ஐயம் உண்டா? உரக்கக் கேளுங்கள்! விடை கிடைத்ததா? உறுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள்!

ஆள்வோரிடமும் மூன்று கேட்கிறோம். சோதனைக் கணக்கை முதலில் வெளியிடுங்கள். அனுமதியைப் பிறகு தாருங்கள். ஊசியால் காய்ச்சல் கண்ட தொழிலாளிக்குக் கூலியோடு ஓய்வு தாருங்கள். துப்புரவுத் தொழிலாளி நிற்கும் வரிசையிலே, அவருக்குப் பக்கத்திலே, மருத்துவமனைத் தலைவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கட்டும்!

கொரோனா நெருக்கடி நீங்கிற்று என்று 2023 மே 5ஆம் நாள் உலகம் அறிவித்துவிட்டது. நோய்க்கு அது முற்றுப்புள்ளி அல்ல. அடுத்தது எந்தப் பெயரோடு வருமோ, எவரும் அறியார். அது வரும் நாளில் நமக்கு வேண்டியது ஊசி மட்டுமல்ல, நம்பிக்கை. ஊசியைச் சில திங்களிலே செய்துவிடலாம். நம்பிக்கையை அப்படிச் செய்ய முடியாது. அமைதியான நாளிலேயே அதற்கு அடித்தளம் இடவேண்டும். இன்று அமைதியான நாள். இன்றே தொடங்குவோம்!