சர்க்கரை வியாதி உள்ளவர் விமானம் ஓட்டலாமா?



பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி என்று தெரியவந்த அன்று பெற்றோர் முதலில் கேட்பது மருந்தைப் பற்றி அல்ல. "இனி இவன் என்ன ஆவான், டாக்டர்?" என்பதையே கேட்கிறார்கள். போலீஸ் வேலைக்குப் போகலாமா, பஸ் ஓட்டலாமா என்று விசாரிப்பார்கள். பிள்ளை விமானியாக ஆசைப்பட்டிருந்தால் அதைக் கேட்கவே மாட்டார்கள். முடியாது என்று தாங்களே தீர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெகு காலம் அதுவே சரியான பதிலாகவும் இருந்தது. இன்று சில நாடுகளில் அப்படி இல்லை. அது எப்படி மாறியது என்பதைச் சற்று விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

தடைக்குக் காரணம் சர்க்கரை கூடுவதைவிட, குறைவதே. இன்சுலின் ஊசி போடுகிறவருக்கு உணவு தாமதப்பட்டாலோ அளவு சற்று மிஞ்சினாலோ இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், பசி ஆகியவை முதலில் வரும். மூளை சர்க்கரையை நம்பியே வேலை செய்வதால் அடுத்ததாக யோசனை தடுமாறும். தான் தடுமாறுவது அவருக்கே தெரியாமல் போவதுதான் இதில் பெரிய அபாயம். வீட்டில் என்றால் பக்கத்தில் இருப்பவர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சமாளித்துவிடலாம். இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு ஓடுபாதையில் இறங்கும் விமானத்தில் அது முடியாது. ஆகவே தடை போட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

டக்ளஸ் கெய்ர்ன்ஸ் என்பவர் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாக இருந்தவர். 1989-இல், தமது 25-ஆம் வயதில், முதல் வகைச் சர்க்கரை வியாதி கண்டது. பறக்கும் தொழில் அத்துடன் முடிந்தது. 1996-இல் அமெரிக்கா, இன்சுலின் போடுகிறவர்கள் சொந்தமாக, வாடகை வாங்காமல், விமானம் ஓட்ட அனுமதித்தது. கெய்ர்ன்ஸ் அங்கே உரிமம் பெற்று, 2002–2003-இல் இரட்டை எஞ்சின் கொண்ட சிறு விமானத்தில் உலகைச் சுற்றி வந்தார்.

ஆனாலும் பயணிகளை ஏற்றிச் செல்வது வேறு விஷயம். கனடா முதலில் வழிவிட்டது. பிரிட்டன் 2012-இல் கடுமையான முறை ஒன்றை வகுத்து அனுமதித்தது. அந்த முறை நம் தெருமுனைச் சிக்னல் போன்றது. விமானி புறப்படுமுன்னும், பறக்கும்போது மணிக்கொரு தரமும், தரையிறங்குவதற்குச் சுமார் அரைமணி முன்பும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கவேண்டும். நம் லேப் கணக்கில் 90 முதல் 270 மில்லிகிராம் வரை பச்சை. அதற்குக் கீழே 72 வரையிலும், மேலே 360 வரையிலும் மஞ்சள். கீழ் மஞ்சளில் 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்க்கவேண்டும். 72-க்குக் கீழே போனாலும் 360-ஐத் தாண்டினாலும் சிவப்பு. உடனே கட்டுப்பாட்டைச் சக விமானியிடம் ஒப்படைத்துவிடவேண்டும். இதனால்தான் பயணி விமானத்தில் இவர்கள் தனியாக ஓட்ட அனுமதி இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.

பலன் என்ன? 2012 முதல் 2019 வரை 49 விமானிகள் 22,078 மணி நேரம் பறந்தபோது எடுத்த 38,621 அளவுகளை ஆராய்ந்தார்கள். 97.69 சதவீதம் பச்சையில் இருந்தது. கீழ்ச் சிவப்புக்குப் போனவை 48 மட்டுமே. ஒருவர்கூட விமானம் ஓட்ட இயலாத நிலைக்கு ஆளாகவில்லை. தோலில் ஒட்டிக்கொண்டு ஓயாமல் அளவு காட்டும் கருவி வந்தபிறகு, 2019-இன் கடைசியில் அமெரிக்காவும் தொழில்முறை விமானிகளுக்கு வழி திறந்தது. விண்ணப்பிப்பவர் ஆறு மாதத்து அளவுகளைக் காட்டவேண்டும்.

எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு விதிகள் வேறு. மாத்திரையிலும் சர்க்கரையைத் தாழ இறக்குபவை உண்டு, இறக்காதவை உண்டு. ஆகவே ஆசையுள்ள பிள்ளை, பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே விமான மருத்துவ அதிகாரியைப் பார்ப்பது நல்லது. வியாதியை மறைத்துச் சேரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவேண்டாம். மொத்தமாக "கூடாது" என்னும் விதிதான் மறைப்பதற்குத் தூண்டியது என்பது எங்கள் எண்ணம். புது முறையிலோ, நோட்டில் ஒழுங்காக எழுதி வைப்பவருக்கே வேலை நிலைக்கிறது.

வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறும் நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் சரக்கறையின் குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும். பம்ப் வைத்திருப்பவர்கள் விமானம் மேலே ஏறி முடித்ததும் குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். காற்றழுத்தம் குறையும்போது குமிழி உண்டாகி, இன்சுலின் சொற்பம் கூடுதலாகவே உள்ளே போய்விடும்.