புகையும் ரசனையும்

ஸ்கொட்லாந்தின் தேசியக் கவி ரொபர்ட் பேர்ன்ஸ் விஸ்கியைப் புகழ்ந்து பாடியவர். 1789ஆம் ஆண்டில் அவர் மதுவரி உத்தியோகத்தரானார். பாடிய பொருளுக்கே வரி அறவிட நேர்ந்தமை இலக்கிய வரலாற்றின் சுவையான முரண்களில் ஒன்று. அந்தப் பானத்தின் ஒரு வகையை இன்று ரசனை என்ற நோக்கில் மாத்திரம் அணுக விரும்புகின்றேன். குடிப்பழக்கத்துக்குப் பரிந்துரை செய்வது என் எண்ணமன்று.

'சிங்கிள் மோல்ட்' என்றால், முளைவிட்ட பார்லியை மாத்திரம் கொண்டு ஒரே வடிசாலையில் வடிக்கப்பட்டது என்பது பொருள். ஸ்கொட்லாந்து மண்ணிலேயே, ஓக் மரப் பீப்பாய்களில் குறைந்தது 3 ஆண்டுகள் அது முதிர வேண்டும் என்கிறது சட்டம். இவற்றுள் தனித்து நிற்பவை, மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஐலா தீவின் புகைமணம் கமழும் விஸ்கிகள். லாப்ரொய்க், லகவூலின், ஆட்பெக் ஆகிய மூன்று வடிசாலைகளும் அத்தீவின் தென்கரையில் அடுத்தடுத்து அமைந்தவை.

புகை எங்கிருந்து வந்தது? அங்கே மரங்கள் அரிது. ஆனால் சதுப்பு நிலங்களில் பாசியும் புதரும் முழுமையாக உக்காமல் படிந்த 'பீற்' எனும் முற்றா நிலக்கரி ஏராளம். முளைவிட்ட தானியத்தை உலர்த்த அதையே எரித்தார்கள். ஈரமான உமியில் புகையின் பீனோல் சேர்வைகள் ஒட்டிக்கொண்டன. தேவையால் நேர்ந்தது காலப்போக்கில் அந்த மண்ணின் முத்திரையாயிற்று. இன்று வேறு எரிபொருள்கள் இருந்தும் மணத்துக்காகவே பீற் எரிக்கின்றனர்.

புகைச்செறிவை, பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு பீனோல் என்று அளப்பார்கள். லகவூலினுக்கான தானியத்தில் சுமார் 35. ஆட்பெக்குக்கு 50க்கும் மேல். ஆனால் இது தானியத்தின் கணக்கு, போத்தலின் கணக்கன்று. வடிக்கையில் பெரும்பங்கு கழிந்துவிடும். பீனோல்கள் வடிப்பின் பிற்பகுதியிலேயே மிகுந்து வருவதால், எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்ற வடிப்பவரின் முடிவும் சுவையைத் தீர்மானிக்கின்றது. உவமைகளை எண்ணிக் கவிதையை மதிப்பிட முடியாதல்லவா?

சுவைப்பதற்கு வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணமே ஏற்றது. ஐஸ் வேண்டாம், குளிர் மணத்தை அடக்கிவிடும். மூக்கை ஆழப் புதைக்காமல், வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல முகர வேண்டும். முதலில் தார், அயடீன், வைத்தியசாலை நெடி. பலர் இந்த இடத்திலேயே விலகிவிடுகின்றனர். பொறுத்திருந்தால் புகைக்குப் பின்னால் தானியத்தின் இனிமையும், ஓக் தந்த வனிலா மணமும், உப்பின் சாயலும் தெரியவரும். சில துளி நீர் விடலாம். புகைமணம் தரும் குவாயகோல் மூலக்கூறுகள், நீர் சேர்ந்த விஸ்கியில் மேற்பரப்பை நாடுகின்றன எனச் சுவீடனில் இரு ஆய்வாளர்கள் 2017இல் கணினிக் கணிப்பின் மூலம் காட்டினர். பின்னர் சிறிதளவை நாவில் நிறுத்தி, விழுங்கிய பின் எஞ்சுவதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தவர் தார் பூசிய கயிறு என்று வர்ணிக்கும் அதே மணம், எனக்கு அடுப்புக்கு மேலே புகையேறிய கருவாட்டைத்தான் நினைவூட்டியது. இரண்டுமே மெய். இரவல் சொற்களால் எவரும் ரசிகராவதில்லை.

பீற் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளர்கின்றது. ஒரு மீற்றர் படிய ஆயிரம் ஆண்டுகள். அது சூளையில் எரிந்து சாம்பலாகச் சில மணித்தியாலங்கள் போதும். மடமடவென்று குடிப்பவரை ரசிகரென்று நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.